கரடியின் இடது கை

என் தம்பிக்கு அவனுடைய கூட்டாளிகள் வைத்த பெயர் ஸ்கேல். பதினான்கு வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்றவன். தாளை மெஷினில் வைக்கும்போது ஒரு நூல் கோணினாலும் எடுத்து மறுபடி வைப்பான். பின்னால் வரிசை வாசல் தாண்டிப் போனாலும் அவனுக்குக் கவலை இல்லை. கடையை மூடிவிட்டார்கள், அந்தப் புத்தி மட்டும் மூடவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டு கோணலாக இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்வேன். வருகிற பெண்வீட்டார் எல்லாம் அக்காவின் வாயைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று அவன் சொல்வான்.

இப்போது அந்த மேஜையில் நாங்கள் சாப்பிடுவது கிடையாது. மூன்று வருடமாக அது பொம்மைகளின் இடம். பழைய பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தகரக் கார், சாவி கொடுத்தால் குதிக்கிற தவளை, புகை விடுவது போல் வாய் திறக்கும் ரயில் என்ஜின். அவர்களுக்குள் விற்றுக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் நல்ல படம் வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பதுதான் ஸ்கேலின் பிழைப்பு.

பெரிய கேமரா எல்லாம் கிடையாது. திரையில் விரிசல் விட்ட ஒரு போன், ஒரு கால் ஆடுகிற ஸ்டாண்ட். வெள்ளைச் சார்ட் பேப்பரின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மறு முனையை மேஜைமேல் வளைத்துப் படுக்க வைப்பான். அப்போதுதான் பின்னால் மூலைக்கோடு தெரியாதாம். ஜன்னலில் வெயில் உறைக்காமல் இருக்க என்னுடைய லைனிங் துணி. முன்னறையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன், அதனால் துணிக்குப் பஞ்சம் இல்லை, கேட்காமல் எடுக்கிறவனுக்குச் சொல்லவே வேண்டாம். நிழல் விழுகிற பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டை. அவ்வளவுதான் ஸ்டூடியோ.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பொம்மையில் ஒரு கீறல் இருந்தால் படத்திலும் இருக்கும். துரு இருந்தால் அதைத் தனியாகக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் போடுவான். போனில் ஒரு தடவு தடவினால் கீறல் காணாமல் போய்விடும், நானே பார்த்திருக்கிறேன். அவன் செய்ததில்லை. நேரில் பார்க்காமலே வாங்குகிற ஆட்கள் அவர்கள். ஸ்கேல் எடுத்த படமா, அப்படியானால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அந்த நம்பிக்கை போனால் அவனுக்குக் கையில் மிஞ்சுவது ஆடுகிற ஸ்டாண்டுதான்.

அன்று காலை எட்டு மணிக்குப் பல் டாக்டர் போன் செய்தார். இருநூறு பொம்மைக்கு மேல் வைத்திருக்கிறவர். மகள் வீட்டோடு போய்விடப் போகிறார் என்பதால் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார். படம் எடுக்கும் வேலை முழுவதும் ஸ்கேலிடம். அந்த வருடம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அவர் புண்ணியத்தில்தான். அவர் சத்தமாகப் பேசுவார், அதனால் போனை ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அந்த மேளக் கரடி வித்துப் போயிடுச்சுப்பா! இடது கை கரடி! என்கிட்ட அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கே தெரியாது. உன் படத்துல பார்த்துட்டு ஒரு நர்ஸம்மா நேத்தே ரயில் ஏறிட்டாங்க. பொம்மை உன்கிட்டதானே இருக்கு? பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு வர்றாங்க, கொடுத்துடு."

"இடது கையா டாக்டர்?"

"ஆமாப்பா. அந்தக் கரடி எல்லாமே வலது கையாலதான் அடிக்கும். இடது கையில ஒண்ணு செஞ்சாங்களா இல்லையான்னு எங்க ஆளுங்க வருஷக்கணக்கா அடிச்சுக்கிறாங்க. உன் படத்தைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு போன் ஓயல."

போனை வைத்த ஸ்கேல் நேராகப் பெட்டியைத் திறந்தான். ஒரு சாண் உயரத் தகரக் கரடி. கழுத்தில் மேளம், ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்திருக்கிறது, மறு கையில் குச்சி. சாவி கொடுத்தான். டக் டக் டக்கென்று அடித்தது. வலது கையால்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"திருப்பிப் போட்டுட்டேன்க்கா."

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னதை நான் சொல்கிறேன். பட்டியலில் எல்லாப் பொம்மையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். எங்கள் வீட்டில் ஜன்னலோ ஒரே பக்கம்தான். சில பொம்மைக்கு அந்த வெளிச்சம் மறு கன்னத்தில் விழுந்தால்தான் எடுப்பாக இருக்கும். அப்போது பொம்மையை மறு பக்கம் பார்க்க வைத்து எடுப்பான். பிறகு போனில் ஒரு பட்டன். படம் இடம் வலமாகத் திரும்பி, வரிசையோடு ஒழுங்காக நின்றுவிடும். எழுத்து இருக்கிற பொம்மையில் செய்ய மாட்டான், எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். கரடியில் எழுத்தே இல்லை. மெஷினில் தாளை நேராக்குவது போலத்தான் அவன் அதை நினைத்திருந்தான். கீறலைத் தொடாத யோக்கியன், கையையே மாற்றிவிட்டான்.

"அந்தம்மாவுக்கு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு."

டாக்டரிடம் நம்பர் வாங்கி நான்கு தடவை போட்டான். ஸ்விட்ச் ஆஃப். ரயிலில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும்.

டாக்டரின் வேலை போனால் அடுப்பு எரியாது. அதனால் அடுத்து நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கரடியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு தகட்டையும் சின்னச் சின்னத் தகர நாக்குகளை மடித்துத்தான் சேர்த்திருந்தார்கள்.

"இதைப் பிரிச்சு கையை மாத்திட முடியாதா உன்னால?"

அவன் எழுந்து போய்க் குறடு எடுத்து வந்தான். உட்கார்ந்தான். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து இடுக்கு வழியே உள்ளே பார்த்தான்.

"உள்ள ஒரே ஒரு கம்பிதான்க்கா. இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு. கை ரெண்டையும் இடம் மாத்தி, அதை அந்தப் பக்கம் வளைச்சா போதும்." அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. "முடியும்."

மணி ஒன்பதரை. ஒரு நாக்கில் குறட்டின் நுனியை வைத்தான். அரைவாசி தூக்கினான். தகரம் லேசாக முனகியது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சீக்கிரம் முடிடா என்று மனசுக்குள் அவனை நச்சரித்துக்கொண்டு. அவன் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. பிறகு அதே நாக்கை விரல் நகத்தால் அழுத்தி மடித்துவிட்டு, குறட்டைக் கீழே வைத்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கை நடுங்கல. அதுதான் பயமா இருக்கு."

அதன் பிறகு போனை எடுத்து, இதுவரை போட்ட படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். கரடி ஒன்றோடு முடியவில்லை. திருப்பிப் போட்டவை அறுபத்தொன்று. டாக்டருக்குச் சொன்னான்.

"அறிவிருக்காயா உனக்கு? நான் எத்தனை பேருக்கு ஆமா ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கேன்!"

"தப்புதான் டாக்டர்."

"அந்தம்மாகிட்ட எதுவும் வாயைத் திறக்காதே. குறிப்பா அறுபத்தொண்ணுன்னு யார்கிட்டயும் உளறி வைக்காதே. நான் பேசிக்கிறேன்."

போன் கட் ஆனது. ஸ்கேல் பொம்மை சேர்க்கிறவர்கள் எல்லோரும் இருக்கிற போன் குழுவில் தட்டச்சு செய்தான். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் பிடுங்கப் போவதற்குள் அனுப்பிவிட்டான். நான் எடுத்த அறுபத்தொரு படங்கள் இடம் வலமாகத் திருப்பப்பட்டவை, பட்டியல் கீழே, இடது கை கரடி கிடையாது, தவறு என்னுடையது. இவ்வளவுதான் எழுதியிருந்தான்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டே" என்றேன். அழுகைதான் வந்தது. போன் உறுமிக்கொண்டே இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தான்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நர்ஸம்மா வந்துவிட்டார். அறுபத்தைந்து வயது இருக்கும். கசங்கிய உடுப்பு, ஒரு சின்னப் பை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஸ்கேல் ஆரம்பித்தான்.

"இருங்க தம்பி. முதல்ல நான் சொல்லிடுறேன், இல்லாட்டி அழுதுடுவேன்." மூச்சு வாங்கினார். "என் தம்பி இடது கைக்காரன். பள்ளிக்கூடத்துல அந்தக் கையைக் கயித்தால நாற்காலியோட கட்டிப் போட்டு வலது கையில எழுத வைப்பாங்க. மணிக்கட்டெல்லாம் தடிச்சுப் போய் வருவான். எங்கப்பா ஒரு நாள் போய்க் கேட்கல. வாத்தியாருக்குப் பயந்தாரோ என்னவோ. அதை அவன் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல. அப்பா செத்தப்போ கூட வரல."

கையிலிருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

"ஆனா அப்பா ஒரு கரடி வாங்கிட்டு வந்தாரு. 'பாருடா, இவனும் உன்னை மாதிரிதான்'னாரு. அது இடது கையால மேளம் அடிச்சுது. என் கண்ணால பார்த்தேன். தம்பிக்கு அப்போ அஞ்சு வயசு, கரடி ஞாபகம் இருக்கு, எந்தக் கைன்னு ஞாபகம் இல்ல. அப்பாவை நல்லவராக்க நீ கதை கட்டுறேங்கிறான். உலகத்துலயே அப்படி ஒரு பொம்மை கிடையாதாம், விசாரிச்சுட்டானாம். எத்தனையோ வருஷமா நான் பொய்க்காரி. உங்க படத்தைப் பார்த்தப்புறம்தான் தம்பி எனக்கு மூச்சே வந்தது."

சொல்லாதே, சொல்லித் தொலைக்காதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். இந்த முறை பிழைப்புக்காக அல்ல, அந்த அம்மாவுக்காக.

அவன் சொல்லிவிட்டான். சுற்றி வளைக்காமல், தலையைக் குனிந்துகொண்டு. கரடியை மேஜைமேல் வைத்துச் சாவி கொடுத்தான். டக் டக் டக். வலது கை.

நர்ஸம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி தீர்ந்து கரடி நின்ற பிறகும் பார்த்தார்.

"அப்போ அவன் சொன்னதுதான் சரி" என்றார். "நானே கட்டின கதைதான் போல."

எழுந்து பையை எடுத்தார். வாசலுக்கு ஓர் அடி வைத்தவர் திரும்பினார். "படத்துல அவ்வளவு தெளிவா இருந்துச்சே. எப்படித் தம்பி கை மாறும்? கையை வெட்டி ஒட்டுவீங்களா?"

ஸ்கேல் போனில் காட்ட முயன்றான். அந்த விரிசல் திரையில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது அவன் கரடியைத் தூக்கிக்கொண்டு என் தையல் அறைக்குப் போனான். உடுப்பு போட்டுப் பார்க்கிறவர்களுக்காக அங்கே ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி கரடியை நிறுத்திச் சாவி கொடுத்தான்.

"இவ்வளவுதான்மா பண்ணினேன்."

எங்கள் பக்கம் கரடியின் முதுகுதான் தெரிந்தது. கண்ணாடிக்குள் இருந்த கரடி எங்களைப் பார்த்துக்கொண்டு, இடது கையால் அடித்தது.

நர்ஸம்மாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. என் கட்டிங் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அலமாரி" என்றார். "எங்க வீட்டு அலமாரிக் கதவுல கண்ணாடி இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு மேஜை. அங்க வெச்சுத்தான் அடிக்க விடுவாரு. எங்களுக்கு முதுகு காட்டித்தான் நிக்கும். வேற எங்கயும் வெச்சு நான் பார்த்ததே இல்ல."

அவருடைய போன் செத்திருந்தது. தம்பியின் நம்பர் மனப்பாடமாக இருந்தது. ஸ்கேலின் போனில் போட்டார், அவன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். நடுவில் டாக்டரின் அழைப்பு வந்தது, ஸ்கேல் வெட்டிவிட்டான். நர்ஸம்மா எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னார். ரயில், படம், பொய், கண்ணாடி.

"தொடவே விடமாட்டாரு" என்றது ஒரு கட்டைக் குரல்.

"என்னடா?"

"அந்தக் கரடியை. அன்னைக்கு நான் மேஜையிலேர்ந்து எடுக்கப் போனேன். வெடுக்குனு கையைத் தட்டிவிட்டாரு. ஒரு பொம்மையைக் கூட என் கையில கொடுக்க மனசு வராத மனுஷன்னு இத்தனை வருஷமா... எடுத்துப் பார்த்தா வலது கைன்னு தெரிஞ்சுடுமேன்னுதான்..."

வயதான ஆள் ஒருவர் வாய்விட்டு அழுவதை என் தையல் அறையில் நின்று மூன்று பேரும் கேட்டோம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் சொன்னார்.

"இன்னொரு தடவை சாவி கொடு அக்கா. சத்தத்தையாவது கேக்கறேன்."

நர்ஸம்மா இரண்டு கையாலும் போனைக் கரடிப் பக்கம் நீட்டிப் பிடித்தார். என் தம்பிதான் சாவி கொடுத்தான்.