அரைப்பேர் இல்லாத ஒப்பந்தம்

ஹட்டன் டவுனில் ஒரு கூடைப்பந்துக் கழகம் என்னைச் சம்பளத்துக்கு விளையாட எடுத்தது. கழகத்துச் செயலாளர் ஒப்பந்தத்தை வாசித்தார். உட்காரச் சொல்லியும் அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

ஓர் ஆட்டத்தில் நான் பத்துப் புள்ளி எடுக்காவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம் என்று வந்த இடத்தில் அம்மா கையை உயர்த்தினாள். அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தில் அதை அரைப்பேர் என்போம். கொழுந்து கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம்தான்.

“இத வெட்டிருங்க சேர். கிலோ கொறைஞ்சா அரைப்பேருன்னு சொன்ன நாள்லருந்து நாங்க முத்துன எலையையும் சேத்துத்தான் பிடுங்குறோம். நிறை இருக்கு, தேத்தண்ணி வாயில வைக்க முடியாது. இவளும் பந்த யாருக்கும் குடுக்க மாட்டா. கண்ட எடத்துலருந்து கூடைக்கு வீசுவா. நீங்க தோத்துப் போவீங்க.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. பத்துப் புள்ளிப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து பயிற்சியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் இப்படி எழுதினோம்: ஆட்டத்துக்கு வந்தால் முழுச் சம்பளம், கழகம் ஜெயித்தால் அணியில் எல்லாருக்கும் மேலதிகமாகக் கொஞ்சம். கமிட்டியில் செயலாளர் இதைத் தன் யோசனை என்றே சொன்னார். அந்த வருஷம் நான் பந்தை நிறையப் பேருக்குக் கொடுத்தேன். இறுதி ஆட்டம் வரை போனோம்.

கையெழுத்துப் போட்ட அன்று, அம்மா பஸ் பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பி, மத்தியானத்துக்கு மேல்தான் கொழுந்து பறிக்க மலையேறினாள். முத்தின இலையைச் சேர்த்தும் கிலோ போதவில்லை.

அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்.