பாட்டிலில் மிச்சமிருந்த மோட்சம்

மோட்சத்துக்கு மைக் செட் போட்டுப் பிழைக்கிறவன் நான். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தக் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தாலும் பெரும்பாலும் என் ஸ்பீக்கர்தான் போகும். பொன் வீதி, முத்து வாசல், கண்ணீரே இல்லாத தேசம் என்று பாட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் விளம்பரம் செய்த அந்த ஊரை நினைத்து எனக்கே பயம் வந்தது, என் மனைவிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான்.

“கர்ப்பப்பையில கட்டி. எடுத்துடலாம். எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிப் பாத்துட்டு மேற்கொண்டு சொல்றேன்” என்றார் டாக்டர்.

“எப்ப வூட்டுக்குப் போலாங்க?” என்று கேட்டாள் அவள்.  கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தால் மாப்பிள்ளை வீட்டாரையே அழவைத்துச் சிரிக்கவைக்கிற நான், டாக்டர் கொடுத்த சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். 

செத்துவிடுவாளோ என்பது முதல் பயம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது: செத்தால் எங்கே போவாள்?

அவள் மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். காதல் கல்யாணம். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலில் தாலி கட்டினேன். ஆனால் அவள் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை, நான் வாங்கிக்கொள் என்று கேட்டதும் இல்லை. கிறிஸ்மஸுக்கு என்னைவிட முன்னால் குளித்துக் கிளம்புவாள். தை அஞ்சாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழாவுக்கு நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். குடும்பம் நன்றாகத்தான் ஓடியது.

என் அப்பா கல்வராயன் மலையில் ஜெபமும் வேதமும் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர். மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் பங்குச் சாமியார் மேலே வர முடியாது. அதனால் வீடு வீடாகப் போய் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்: குழந்தை சாகக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். எந்தத் தண்ணீரும் ஆகும். தலையில் தோல் நனைய வேண்டும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூன்று பேரையும் சொல்லியாக வேண்டும்.

அவர் சொன்ன மறுமையும் எனக்கு மனப்பாடம். மோட்சம், நரகம், நடுவில் பாவம் தீரும்வரை காத்துக் கிடக்க உத்தரிக்கிற ஸ்தலம். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளுக்கு ஓரமாக ஓர் இடம். எனக்கு இதெல்லாம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் தெரியும். சேலம் வண்டி ஒரு பக்கம், திருவண்ணாமலை வண்டி ஒரு பக்கம். நான் ஒரு வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வேறு பக்கத்தில் ஒயர் கூடையோடு நின்று என்னைத் தேடுகிறாள். என் வண்டி நகர்கிறது. இதே காட்சி ராப்பகலாக மண்டைக்குள் ஓடியது. இப்போது வருகிற சாமியார்கள் அந்த ஓரத்து இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் பயத்துக்குப் புதுப் பாடம் ஏறாது. பழையதைத்தான் ஒப்பிக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். கோயில் தீர்த்தத்தை ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். எந்தத் தண்ணீரும் ஆகும் என்று அப்பா சொன்னாலும், இந்த விஷயத்தில் ரிஸ்க் எடுக்க மனசில்லை. அக்கம்பக்கம் பார்த்தேன். மூடியைத் திறந்தேன். வாசல் பக்கமே கண் வைத்திருந்ததில் நெற்றியில் விழ வேண்டியது காதுக்குள் போனது.

“பிதா...” என்றேன். ஊற்றினேன். “சுதன்...”

கண்ணைத் திறந்துவிட்டாள்.

“இன்னாய்யா பண்றே?”

பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். “ஒண்ணுமில்ல. வெயிலு ஜாஸ்தியா இருந்துச்சி.”

பக்கத்துக் கட்டிலில் மருமகளுக்குத் துணையிருந்த பாய் வீட்டம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். துண்டை எடுத்து நீட்டினார். “தொடைச்சிக்க தாயீ. ஆம்பளைங்க பயந்தா இப்படித்தான். எதையாவது எடுத்து ஊத்துவானுங்க.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் ஸ்டாண்டு உட்பட. அவள் காதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“சரி, நான் அங்க வந்தா உனுக்குப் பொண்டாட்டியாத்தான் இருப்பனா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உபதேசியார் மகன். ஏழு பேரைக் கட்டி ஏழு பேரையும் சாகக் கொடுத்த ஒருத்தி அங்கே யாருக்குப் பெண்டாட்டி என்று கேட்டவர்களுக்கு ஆண்டவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும்.

“இல்ல. அங்க கல்யாணமெல்லாம் கெடையாதாம். சம்மனசு மாதிரி, தேவதூதருங்க மாதிரி இருப்பாங்களாம்.”

“பின்ன இன்னா எழவுக்குய்யா என் தலைய நனைச்சே?”

பாய் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“பொண்டாட்டியா இல்லன்னாலும் பரவால்ல. பக்கத்துல இருந்தா போதும்.”

அவள் துண்டை மடித்துப் பாய் வீட்டம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “எங்கம்மா அங்க இருப்பாளா?” என்றாள்.

அவளுடைய அம்மா சாகும்வரை வருஷம் தவறாமல் பெண்ணையாற்றில் முழுகி எழுந்தவள். மருமகன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பதால் சாமிக்குப் படைக்கும் முன்பே எனக்கு மட்டும் தனியாக எடுத்துவைத்து, திருநீற்றைக் கழுவிய கையோடு பரிமாறியவள். நான் பாட்டில் மூடியை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

“தெரியாதில்ல? அவ இல்லாத எடத்துக்கு என்ன மட்டும் தூக்கத்துல ஏத்திக்கினு போவப் பாத்தே.” கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். மூடியை நான் அப்போதும் இறுக்கிப் பிடித்திருந்தேன். “ஆபரேசன் எனுக்கா உனுக்காய்யா?”

மறுநாள் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே ஜெபம் பாதி, கொட்டாவி பாதியாக உட்கார்ந்திருந்தேன். பயத்தில் எனக்குக் கொட்டாவிதான் வரும். நல்லபடியாக முடிந்தது. டெஸ்ட் முடிவு வரும்வரை நான் அவளுடைய ஒவ்வொரு தும்மலுக்கும் எழுந்து நின்றேன். முடிவும் வந்தது. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை. அவள் கஞ்சி குடித்தாள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். கேட்டவர்களிடம் கண்ணில் தூசு என்றேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. என் அப்பா அம்மா கல்லறை மலைமேல்தான்; வளைவுகளில் அவள் உடம்பு அலுங்குமே என்று நான் தயங்கினேன். “அத்தையப் பாக்கணும், வண்டிய எடு” என்றாள். மேலே பனி இறங்கியிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஊர்க்காரர்கள் புல் வெட்டிச் சாமந்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி கொளுத்தினால் அவர்கள் வழியில் வெளிச்சம் இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

பையிலிருந்து அவள் அந்தப் பாட்டிலை எடுத்தாள். ஸ்பீக்கர் பெட்டிக்குள் நான் ஒளித்துவைத்திருந்த அதே பாட்டில்.

“இது எங்க கெடச்சுது?”

“உன் ஒளிவு மறைவெல்லாம் எனுக்குத் தெரியாதா?”

மிச்சமிருந்த தீர்த்தத்தை என் அம்மாவின் சிலுவையில் ஊற்றிப் பாசியைத் தேய்த்துக் கழுவினாள். “பாத்தீங்களா அத்த, உங்க புள்ள என் காதுல தண்ணி ஊத்துன கதைய” என்று கல்லிடம் முறையிட்டாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கத்தியால் பாட்டிலின் அடியை வெட்டிப் போட்டாள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று மெழுகுவர்த்தி வைத்தாள். அம்மாவின் காலடியில் மூன்றாவது ஒன்றை நட்டு, அதன்மேல் காற்றுக்கு மறைப்பாக, வாய் மேலே இருக்க, வெட்டிய பாட்டிலைச் செருகினாள்.

“இது யாருக்கு?”

“எங்கம்மாவுக்கு. கண்ணாலத்துலகூட ரெண்டு பேரும் பேசிக்கல. இப்பவாவது பேசட்டும். வாசல்ல யாராவது தடுத்தா, ‘எங்க சம்பந்திதான், வுடுங்க’ன்னு உங்கம்மா சொல்ல மாட்டாங்களா?”

என் அம்மா சொல்வாள். மோட்ச வாசலில் சாவிக்கொத்தோடு நிற்கும் அப்போஸ்தலரையே ஒரு முறை முறைத்து வழிவிட வைக்கக்கூடியவள் அவள்.

நான் தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். “அன்னிக்கு உன்ன எழுப்பி, ஞானஸ்நானம் வாங்கிக்கிறியான்னு கேட்டிருந்தா?”

“யோசிச்சிருப்பேன்.”

“இப்பக் கேக்கட்டுமா?”

பாட்டில் வாய் வழியாகக் காற்று புகுந்து சுடர் படுத்துக்கொண்டது.

“மொதல்ல எங்கம்மாவோடது அணையாம பாத்துக்கோ” என்றாள். நான் ஈர மண்ணில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டேன்.