டெய்லரும் துருப்பிடித்த கோல்ஃப் மட்டைகளும்

அலுமினியத் தாளை எலுமிச்சை அளவுக்குக் கசக்கி உருட்டி, வினிகரில் முக்கி, கோல்ஃப் மட்டையின் எஃகுத் தண்டில் மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார் டெய்லர். தைக்க வேண்டிய துணி மிஷின்மேல் மலையாகக் கிடந்தது. பேன்ட் வாங்க வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். "கொஞ்சம் இருங்க, துரு ஊறிட்டிருக்கு" என்று அவரையும் ஊறப்போட்டார் டெய்லர்.

அவர் ஜென்மத்தில் கோல்ஃப் ஆடியவர் இல்லை. பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூடத் தெரியாது. மட்டைகள் சம்பந்தியுடையவை. மகளைக் கட்டிக்கொடுத்த அந்தப் பெரிய வீட்டில் எல்லாரும் கோல்ஃப் ஆடுகிறவர்கள். புது செட் வாங்கிய சம்பந்தி, நீங்களும் சும்மா தமாஷுக்கு வந்து ஆடுங்கள் என்று பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார்.

பையைத் திறந்ததும் டெய்லருக்கு வயிறு எரிந்தது. மனுஷன் மழையில் ஆடிவிட்டு, ஈரத்தோடு அப்படியே உள்ளே திணித்திருக்கிறார்! தண்டு முழுக்கச் செம்புள்ளி. கத்தரிக்கோலில் பொட்டுத் துரு தெரிந்தாலே டெய்லருக்குச் சோறு இறங்காது. இவ்வளவு துருவைப் பார்த்த பிறகு எப்படித் தூக்கம் வரும்? அன்றிலிருந்து மிஷின் சத்தத்துக்குள் சம்பந்தியைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

முரட்டுத்தனமாகத் தேய்க்க மாட்டார். மேல்பூச்சு கழன்றால் அந்த இடத்தில் துரு குடித்தனமே நடத்தும் என்பார். துரு போனதும் கழுவி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவுவார். "தண்டும் தலையும் சேருற கழுத்துலருந்து ஆரம்பிக்கணும். அங்கதான் தண்ணி நிக்கும்." இதைக் கடைக்கு வந்தவரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், போனில் மகளிடம் நூறு தடவை சொன்னார். அவளும் சரிப்பா, சரிப்பா என்று கேட்டுவைத்தாள்.

சமையலறையில் வினிகரும் காலி, அலுமினியத் தாளும் காலி. "என்னை ஒரு நாளாவது இப்படிக் கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"உனக்குத் துருப் பிடிக்கலையே" என்றார், தலை நிமிராமல். அன்று அவரே தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட வரும்படி சம்பந்தியிடமிருந்து அழைப்பு வந்தது. கூடவே மகளின் போனும் வந்தது. "வேணாம்னு சொல்லிடுங்கப்பா. எல்லாரும் சிரிப்பாங்க. அந்த வீட்டுல இருக்கப்போறது நான்தான்."

டெய்லருக்குச் சுருக்கென்றது. தன் மானம் கிடக்கட்டும், மகள் தலை குனியக் கூடாது. ஆனால் போகாவிட்டால் மட்டும் சிரிக்காமல் விடுவார்களா? மட்டை கண்ணாடி மாதிரி மின்னினால் எவன் சிரிப்பான் என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை எண்ணெய்த் துணியை எடுத்தவர், கைப்பிடி ரப்பர் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் தாராளமாகத் தடவினார்.

மறுநாள் மைதானத்தில் பையைத் திறந்ததும் சம்பந்தி வாயைப் பிளந்தார். இது என் பழைய செட்டா என்று இரண்டு முறை கேட்டார். டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் குளத்தோரம் நின்று நகம் கடித்தாள்.

மூச்சைப் பிடித்து ஒரு வீசு வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டைதான் எண்ணெய்க் கைப்பிடியோடு வழுக்கி, சம்பந்தியின் தொப்பிக்கு மேலாகப் பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது.

மைதானமே சிரித்தது. சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சம்பந்தி, பழைய குச்சிதானே" என்றார்.

டெய்லர் காதில் எதுவும் ஏறவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்தில் இறங்கினார். சேற்றில் துழாவி, மட்டையோடு கரையேறியபோது மகள் எதிரில் நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. செத்தோம் என்று நினைத்தார். அவள் சிரிக்கிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த துப்பட்டாவை உருவி அவரிடம் நீட்டினாள்.

"கழுத்துலருந்து ஆரம்பிங்கப்பா. அங்கதான் தண்ணி நிக்கும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. சேறு சொட்டச் சொட்டப் புல்லில் உட்கார்ந்து தண்டைத் துடைக்க ஆரம்பித்தார். மட்டையின் மறுமுனையை மகள் பிடித்துக்கொண்டாள்.