தலையணை என்று போடுங்கள்

கண்ணை மூடிக்கொண்டுதான் எடை பார்ப்பார். இடது உள்ளங்கையில் ஒன்று, வலது உள்ளங்கையில் ஒன்று. இரண்டையும் லேசாகத் தூக்கித் தாழ்த்திவிட்டு உதட்டைப் பிதுக்குவார். ஒன்றின் தையலைப் பிரித்து, பஞ்சுக்கு நடுவே இருக்கும் சின்னப் பையில் ஒரு சிட்டிகை கண்ணாடி மணி சேர்த்து, மறுபடியும் கண்ணை மூடுவார். தராசு வாங்கலாமே என்று கேட்டால், "தராசா இதப் போட்டுக்கப் போகுது?" என்பார்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் டெய்லர் அக்கா தைப்பது பஞ்சு மார்பு. அறுவை சிகிச்சையில் மார்பை இழந்த பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது. அவருக்கும் ஒரு பக்கம் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் சமாச்சாரம் வேர்த்துக் கொட்டியதால் தனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டார். "எடை சரியா இல்லன்னா ஒரு தோள் மேல ஏறிக்கும். நடக்கறப்பவே காட்டிக் குடுத்துடும்." சிகிச்சைக்குப் போனபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தனக்கும் ஒன்று கேட்டாள். அப்படியே பரவி, இணையத்தில் ஒரு கடை ஆனது.

கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவருடைய கணவர். ஓய்வுபெற்ற குமாஸ்தா, நல்ல மனிதர். ஆனால் மனைவி தைப்பதை இன்றுவரை 'சரக்கு' என்றுதான் சொல்வார்.

கார்டில் பணம் கட்டினால்தான் கடையில் வாங்க முடியும். அது அக்காவின் பிடிவாதம். "பார்சல் வந்ததும் காசுன்னு வெச்சா, வாசல்ல ஒருத்தன் நின்னு கூப்பிடுவான். மாமியார் எட்டிப் பாப்பா, 'என்னடி வாங்கின'ன்னு கேப்பா. முன்னாடியே கார்டுல கட்டிட்டா வாங்குனமா, உள்ள போனமான்னு இருக்கலாம்."

ஒரு நாள் காலையில் கார்டு நின்றுபோனது. வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் வாங்கி இவருடைய வங்கிக்கு அனுப்பும் கம்பெனி, கடையை மூடிவிட்டதாக எழுதியிருந்தது. காரணம்: ஆபாசப் பொருள். அக்கா போன் போட்டபோது நான் அங்கே இருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு இளைஞன், மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"மேடம், உங்க வெப்சைட்ல அந்த வார்த்தை நிறைய எடத்துல இருக்கு."

"எந்த வார்த்தை?"

தொண்டையைச் செருமினான். "அதான் மேடம்... அந்த வார்த்தை."

"மார்ப மார்புன்னு போடாம முழங்கைன்னா தம்பி போடறது?"

அவன் சிரிக்கவில்லை. அக்கா டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினார். தைத்ததைப் படம் பிடித்து அனுப்பினார். படத்தைப் பார்த்த பிறகு இன்னும் கறாராகப் பதில் வந்தது. கடைசியாகப் பேசியபோது அந்த இளைஞன் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். தலையணைன்னு போட்டுடுங்க. செக் பண்றது கம்ப்யூட்டர்தான், விட்டுடும்."

அக்கா போனை வைத்துவிட்டார்.

கடை மூடியே கிடந்தது. தைத்தவை பெட்டியில் குவிந்தன. அக்கா பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாளில் கணவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். 'மென்மையான குட்டித் தலையணை.' மாலைக்குள் கார்டு வேலை செய்தது.

"யாருக்குங்க இது தலையணை? தேடறவளுக்கு இது தனக்குன்னு எப்படித் தெரியும்?"

"கடை ஓடணுமா வேணாமா? உனக்கு வீம்புதான் பெருசு."

சண்டை மேல்வீடு வரைக்கும் கேட்டது. மறுநாள் ஆஸ்பத்திரி பில் வந்தது. அக்கா மறுபடி தைக்க உட்கார்ந்தார்.

பிறகு கடைக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். கழுத்துக்குப் பற்றவில்லை என்று ஒருவர் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கம்பெனி அதற்கும் அபராதம் போட்டது. பழைய வாடிக்கையாளரான ஒரு டீச்சர் போன் செய்தார். அவர் சொல்லி அனுப்பிய தோழி தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். தங்கை கல்யாணத்துக்கு இரண்டு சாக்ஸைச் சுருட்டி வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். "எல்லாரும் சேந்து நின்னு போட்டோ எடுக்கறப்ப நழுவி வயித்துக்கு வந்துடுச்சாம். மாப்பிள வீட்டுக்காரங்க பாத்துட்டாங்களாம்," என்று அக்கா என்னிடம் சொன்னார். அன்று முழுக்கத் தையல் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

போன வாரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, கம்ப்யூட்டர் முன்னாலிருந்து கணவர் உற்சாகமாகக் கூப்பிட்டார். "இங்க வா! அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க!" அவரே உரக்கப் படித்தார். "'எங்க நாய்க்குட்டிக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. தலைய வெச்சா எந்திரிக்கவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வேணும்.' படம்கூடப் போட்டிருக்காங்க பாரு."

அக்கா எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெஷின் பக்கம் வந்து, அப்போதுதான் தைத்து முடித்திருந்த ஒன்றை எடுத்துப் போய்க் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் அதைக் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை.

"இது என்னங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "எதுக்கு இப்போ, இவங்க முன்னாடி..."

"சும்மா சொல்லுங்க. என்ன இது?"

"தலையணைதான்," என்றார்.

அக்கா அதை அவர் கையிலிருந்து எடுத்து, முந்தானையால் சுற்றிலும் ஒருமுறை துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.