பாதி பாதியாக அடுக்கிய பெட்டிகள்

எங்கள் செம்பூர் கட்டடத்தில் யார் யூரோப் டூர் கிளம்பினாலும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். புது ஷூவோடு ஃப்ளைட் ஏறாதீர்கள், இங்கேயே போட்டு நடந்து பழக்குங்கள். ஒரு கனத்த கோட்டைவிட மெல்லிசாக மூன்று துணி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்தான் குளிர் தாங்கும். மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். ஊறுகாய் வேண்டவே வேண்டாம், பெட்டிக்குள் கொட்டினால் சட்டையெல்லாம் நாசம், பருப்புப் பொடி போதும். எல்லாம் என் கணவர் யூடியூப் பார்த்துப் படித்து, என் உயிரை வாங்கிய பாடங்கள். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

அவர் தாராவியில் ஒற்றை அறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவர். எதையும் சுருட்டி, மடக்கி, இடுக்கில் செருகுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டூருக்குப் பணம் கட்டினார். கட்டிய நாளிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. அங்கே பல ஓட்டல்களில் லிஃப்ட் கிடையாதாம். அதனால் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்கிப் பழக வேண்டுமாம்.

“தூக்கிட்டு மாடி ஏற முடியலன்னா அந்தச் சாமான் ஒனக்கு வேண்டாம்னு அர்த்தம், ஏட்டி.”

பாலத்தின் நடுவில் எங்கள் சர்ச்காரர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். “நெருளுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?” என்றார். எனக்கு மானம் போயிற்று. இவர் மூச்சு வாங்கியபடி, “இல்ல, பாரிஸுக்கு” என்றார், பாரிஸும் நெருள்போல எங்கள் ஹார்பர் லைன் ரயிலில் ஒரு ஸ்டேஷன் என்பதுபோல.

புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே இரண்டு பெட்டிகளையும் அடுக்கி முடித்தார். என்னைத் தொட விடவில்லை. என் பெட்டியில் பாதி அவர் துணி, அவர் பெட்டியில் பாதி என் துணி. ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன்.

“ஏர்போர்ட்ல ஒரு பெட்டி வராமப் போச்சுன்னு வையி. ஒருத்தர் முழுசா எல்லாத்தையும் தொலைச்சிட்டு நிக்க வேண்டாம்லா. இருக்கத வச்சி ரெண்டு பேரும் சமாளிச்சிரலாம்.”

மறுவாரம் ஒரு காலையில் பால் பாக்கெட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காபியோடு வந்தபோது உயிர் போயிருந்தது.

பெட்டிகள் இரண்டும் படுக்கையறைச் சுவரோரம் நின்றன. அந்த அறையில் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க என்னால் முடியவில்லை. பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான். யாரோ கிளம்பத் தயாராகி என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

டோம்பிவிலியிலிருந்து மகன் வந்தான். “போய்ட்டு வாங்கம்மா. விசா வந்துட்டு. அப்பா இருந்தா போகத்தான் சொல்லுவாங்க. ஒங்க பெட்டில அப்பா துணிய எடுத்துட்டு, ஒங்க துணிய முழுசா வச்சிருங்க.”

சொல்வது சுலபம். ஒருவருக்கு ஒரு பெட்டிதான் கணக்கு. திறந்தேன். அவர் பவுடர் வாசனை குப்பென்று வந்தது. சட்டைகளை இறுகச் சுருட்டி, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ஒன்றைப் பிரித்தால் அவர் கை போட்ட அந்தச் சுருட்டு என்னால் மறுபடி வராது. மூடிவிட்டேன். அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

“பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா?” என்று ஏர்போர்ட் கவுன்டரில் ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். நாக்கு கூசியது.

முதல் ஓட்டலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடும்போது, அவர் ராத்திரி கட்டும் சாரத்தையும் ஒரு சட்டையையும் எடுத்து நாற்காலியில் போட்டிருந்தேன். ஊர் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், அறையைச் சுத்தம் செய்தவர்கள் இரண்டையும் அழகாக மடித்து இன்னொரு கட்டிலின் தலையணைமேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சாக்லேட். என் தலையணைமேலும் ஒன்று. விளக்கை அணைக்காமல் படுத்தேன். அடுத்த ஊரிலும், அதற்கடுத்த ஊரிலும் நானே அந்தச் சட்டையை மடித்து அந்தப் பக்கத்துத் தலையணையில் வைத்தேன். எனக்குப் பைத்தியம் இல்லை. காலியான கட்டிலைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பனிமலைக்குப் போன அன்றுதான் தெரிந்தது, என் குளிர் ஜாக்கெட் செம்பூரில், அவர் பெட்டியில் இருக்கிறது என்று. என்னிடம் இருந்தது அவருடையது. போட்டுக்கொண்டேன். கை விரல் நுனிவரை மறைந்தது. அதன் பையில் ஏதாவது விட்டுவைத்திருப்பாரா என்று துழாவினேன். கடையில் போட்ட ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மட்டும் இருந்தது. அந்த மலைமேல், முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவில், வாய்விட்டு அழுதேன். குளிரவில்லை. அதுதான் எனக்குக் கோபம். செத்துப்போன மனுஷன் அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருந்தார்.

திரும்பி வந்து வருஷம் ஒன்றுக்கு மேலாகிறது. அவர் பெட்டி அதே சுவரோரம் பூட்டியபடி நிற்கிறது. என் பச்சை ஸ்வெட்டர், நல்ல சுடிதார்கள், அந்த ஜாக்கெட் எல்லாம் உள்ளேதான். வேண்டுமானால் புதிதாக வாங்கிக்கொள்கிறேன். இப்போது அந்த அறையில் முதுகைக் காட்டி நிற்க முடிகிறது.

போன வாரம் மகன் வந்தான். கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்புகிறது. என்ன எடுத்துப்போக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்துபோய் அந்தப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

“அம்மா, இது சும்மாத்தான கெடக்கு? நான் கொண்டு போகட்டா?”

“சும்மாவா கெடக்கு? அதுக்குள்ள நானும் அப்பாவும்லா இருக்கோம்.”

அவன் கையை எடுத்துவிட்டான்.