சொன்னதைச் சொன்ன ஞானம் அக்கா

ஞானம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி, ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் மரக்கறிக் கடை வரிசையில் நின்றபோது வந்தது. அகதி விசாரணைகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்தவர். நானும் அதே தொழில்தான்.

இறுதி நிகழ்வில், முன்பு நாங்கள் சேர்ந்துபோன சுற்றுலாவின் குழுத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அவ ஒருத்தரையும் நோகப் பேசாத மனிசி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நோகப் பேசியவர். அதுவும் இவரைத்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து ஆஸ்திரேலியா போனோம். பாலைவனத்தின் நடுவே செந்நிற உலுரு மலை. வழிகாட்டிய பெண், அந்த மண்ணுக்குரிய ஆனங்கு இனத்தவர். மலையடியில் ஓரிடத்தில் நின்று, இங்கே படம் எடுக்கவேண்டாம், இதன் கதை இந்த இடத்தில் மட்டும், உரியவர்கள் மட்டும் அறியவேண்டியது என்றார். வயதானவர்களுக்காக அக்கா அதைத் தமிழில் சொன்னார்.

"உவைக்கு என்ன தெரியப்போகுது? வெறும் கல்லுத்தானே, எடுங்கோ" என்றபடி குழுத் தலைவர் கைபேசியை உயர்த்தினார்.

அந்தப் பெண் அக்காவிடம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஏன் அதைச் சொன்னனீங்கள்? எங்கடை மானம் போச்சு!" என்று குழுத் தலைவர் அக்காவிடம் பாய்ந்தார்.

"சொன்னதைச் சொல்லுறதுதான் என்ரை தொழில். மானம் போகுமெண்டால் நீங்கள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. படத்தை அழியுங்கோ."

அழித்தார். அந்தப் பெண் முன்னே நடந்தார். ஆனால் மிச்சப் பயணம் முழுக்க எங்கள் ஆட்கள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர் திரும்பிய பிறகும் பிறந்தநாள், பூப்புனித விழா என்று ஒன்றுக்கும் அழைக்கவில்லை. தப்புச் செய்தவர் வீட்டுக்கு எல்லோரும் போய்வந்தார்கள்.

அதைப் பற்றி அக்கா ஒருமுறைதான் பேசினார். "எங்கடை கோயிலிலை சட்டையைக் கழட்டச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கழட்டுகினம். மற்றவையின்ரை கோயில் எண்டால் மட்டும் வெறும் கல்லு."

இறுதி நிகழ்வு நடந்த மண்டபத்தில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். "செத்த வீட்டிலை உது தேவையோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். தேவைதான். உயிரோடு இருந்தபோது ஒதுக்கிவிட்டு, செத்தபின் சாதுவாக்கினால் எப்படி?

அக்காவின் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அவரோடு சேர்த்து அதையும் எரித்துவிட யாருக்கும் உரிமையில்லை.