ஒரே தேதியிட்ட இரண்டு பாசிப் பொட்டலங்கள்

“ஏப்ரல் 9, வியாழன். காலை செம்பூர், பின்பு தாராவி. இரண்டு இடத்திலும் பாசி எடுத்தாயிற்று. வெயில் கடுமை.”

என் நாட்குறிப்பில் அன்று இவ்வளவுதான் இருக்கிறது. போதும் என்று நினைத்திருந்தேன்.

பாசி கேட்டவள் என் பழைய அலுவலக நண்பரின் மகள். தாராவியில் பிறந்தவள், செம்பூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பின்னால், கல் வெட்டிய பள்ளத்தில் ஒரு சிறு குளம். அதிலிருந்த நீர்ச்செடி வேலம்பாசி அல்ல, அதைப்போலத் தோன்றும் வேறோர் அரிய இனம் என்பது அவள் சந்தேகம். பூக்காதபோது கண்ணால் பிரிக்க முடியாதாம். இலையின் டிஎன்ஏவில் ஒரு சிறு பகுதியைப் படித்து, பெயர் தெரிந்த செடிகளோடு ஒப்பிட வேண்டும். பார்கோடு என்கிறார்கள்.

அவளுக்குக் காலில் மாவுக்கட்டு. அதனால் மாட்டுங்காவில் சும்மா இருந்த எனக்குப் போன் வந்தது.

“மாமா, இளம் நுனியாப் பாத்துக் கிள்ளுங்க. நல்ல தண்ணில அலசி, தாள்ல மடிச்சு டப்பால போட்டுருங்க. தாராவி வளப்பு மீன் கடைல வேலம்பாசின்னு விக்கான்லா, அதுலயும் கொஞ்சம். ஒப்பிட்டுப் பாக்கணும்.”

அவள் கொடுத்த டப்பாவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருந்தன. இரண்டு பொட்டலங்களிலும் என் வழக்கப்படி தேதி எழுதினேன். எங்கள் வீட்டில் எதுவும் தேதியில்லாமல் இருக்காது. “ஜாடில தேதி மட்டும் இருக்கு. உள்ளே மாங்காயா எலுமிச்சையான்னு தெறந்துதான் பாக்கணும்” என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

டப்பா திறக்கப்படாமலே நண்பர் மகளின் கல்லூரித் தோழி மூலம் பரிசோதனைக்கூடம் போனது. அங்கே ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டார்கள்.

முடிவு வருவதற்குள், கொசு என்று சொல்லிக் குடியிருப்புக் கமிட்டி குளத்தை மோட்டார் வைத்து இறைத்து, பாசியை வாரிக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டது. மழையில் மறுபடி நிரம்ப விடுவதா, மண் கொட்டி வண்டி நிறுத்துவதா என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள்.

“மாமா, ஒண்ணு வேலம்பாசி. இன்னொண்ணு வேற! நா நெனச்சதேதான்!” பிறகு குரல் இறங்கியது. “ஆமா, கொளத்துப் பொட்டலம் எது? ரெண்டுலயும் தேதி மட்டுந்தான் இருக்காமே?”

“தேதி தெளிவாத்தானே போட்டிருக்கேன்.”

“ஒரே நாளு எடுத்ததுக்கு ரெண்டு தடவ தேதி எதுக்கு மாமா?”

கடைப் பாசியையாவது மறுபடி எடுத்து ஒப்பிடலாம் என்று உடனே தாராவிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் கண்ணாடித் தொட்டியைக் காட்டிச் சிரித்தார். “வாரத்துக்கு ரெண்டு தடவ சரக்கு மாறும் அண்ணாச்சி. வாஷி மார்க்கெட்லேர்ந்து எது வருதோ அது. பச்சையா இருந்தா எல்லாம் வேலம்பாசிதான் நமக்கு.”

அன்று மாலை, இப்போது எழுதக் கூசுகிற ஒரு யோசனையை அவளிடம் சொன்னேன். “கொளத்தோடதுன்னே சொல்லிடேன். யார் கேக்கப் போறா?”

“நா கேப்பேன்லா மாமா” என்றாள்.

கூட்டத்தில் அவள், அந்த அரிய செடி குளத்தினுடையதாக ‘இருக்கலாம்’ என்று மட்டும் சொன்னாளாம். “இருக்கலாம்ங்கறதுக்காக காரை நாங்க ரோட்டுல விடணுமா?” என்று ஒருவர் கேட்டாராம். கைகள் உயர்ந்தன. அந்த வாரமே மண் லாரிகள் வந்தன. அவள் என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எடுத்த இடத்தின் பெயரை எழுத எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. ஏப்ரல் 9-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பிற்பாடு இதைச் சேர்த்திருக்கிறேன்: வேறு இனம் என்று தெரியவந்த செடி செம்பூர்க் குளத்தினுடையதா, தாராவிக் கடையினுடையதா என்பது சரிபார்க்கப்படவில்லை.